கானலும் சார்பாகும்: பேக்கரும்பில் ஒரு தோட்டம்

பாம்பன் பாலத்தைக் கடந்து தீவில் கால்வைக்கும் பயணிக்கு முதலில் தென்படுவது மணல். அடுத்துப் பனை. அதற்கும் அடுத்து, உச்சி தட்டையாகக் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரங்கள். காற்று ஓயாது வீசும் இந்நிலத்தில் மரங்கள் நிமிர்ந்து வளர்வதைவிடச் சாய்ந்து வளர்வதே மிகுதி. தங்கச்சிமடத்தைத் தாண்டி இராமேசுவரம் நோக்கிச் செல்கையில், பேக்கரும்பு என்னும் சிற்றூரின் சாலையோரத்தில் இக்காட்சி சட்டென்று அறுபட்டுப்போகிறது. தில்லியின் இந்தியா கேட்டை நினைவூட்டும் முகப்பு, குடியரசுத் தலைவர் மாளிகையைப் பின்பற்றிய கவிகைமாடங்கள், அவற்றின் முன்னே பசும்புல் விரிப்பு, கத்தரித்துச் சமன்செய்யப்பட்ட செடிவரிசைகள் என வேறோர் உலகம் விரிகிறது. டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் நல்லடக்கத் தலம் இதுவே. 2015ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் ஷில்லாங்கில் மறைந்த அவர் ஜூலை 30 அன்று இங்கு அடக்கம் செய்யப்பட்டார். சரியாக இரண்டாண்டு கழித்து, 2017 ஜூலை 27 அன்று, பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் கட்டி முடித்த இந்நினைவகம் திறக்கப்பட்டது.

நினைவகத்தின் உள்ளே வைக்கப்பட்ட சிலை குறித்தும் அதனருகே இடம்பெற்ற நூல் குறித்தும் அப்போது எழுந்த விவாதங்களை வாசகர் அறிவர். அவை பற்றிப் போதுமான அளவுக்கு, சிலவேளை போதுமான அளவுக்கு மேலும், எழுதப்பட்டுவிட்டன. நான் அவ்வழி செல்லவில்லை. உள்ளே இருப்பதைப் பற்றி அத்தனை பேர் பேசிய பிறகும் வெளியே நடப்பட்டிருப்பதைப் பற்றி எவரும் பேசவில்லை என்பதே என் வியப்பு. கட்டடத்தைக் கலையென்று மதித்துத் திறனாயும் நாம், தோட்டத்தை அதன் ஓரத்தில் ஒட்டிய பச்சைக் கரை என்று கடந்துவிடுகிறோம். இஸ்லாமிய நாகரிகத்தின் வரலாற்றில் தோட்டம் ஒருபோதும் அத்தகைய கரையாக இருந்ததில்லை. எதை நட்டார்கள், எதை விலக்கினார்கள், நீரை எங்கிருந்து எங்கே கொண்டுசென்றார்கள் என்பவை கல்லெழுத்தைப்போலவே வாசிக்கத்தக்கவை.

இந்நினைவகத்தின் கட்டுமானக் கொள்கை தெளிவானது. மேற்பூச்சுக் கற்கள் ஜெய்சல்மேரிலிருந்தும் ஆக்ராவிலிருந்தும் வந்தன; பளிங்கு கருநாடகத்திலிருந்து வந்தது; சுவரோவியங்கள் பல மாநிலக் கலைஞர்களின் கைவண்ணம். ஒரு தேசமே கூடி ஒரு மனிதரை நினைவுகூர்கிறது என்பதே இத்தேர்வின் பொருள். அப்பொருளில் குறைகாண எனக்கு மனமில்லை. குடியரசின் மிக உயர்ந்த பதவியிலிருந்த ஒருவரின் அடக்கத் தலத்தில் அப்பதவியின் மாளிகையை நினைவூட்டுவதும் இயல்பே. ஆனால் கல்லுக்கும் செடிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆக்ராவின் கல் இராமேசுவரத்திலும் கல்லாகவே இருக்கும். தில்லியின் புல் இராமேசுவரத்தில் ஒவ்வொரு நாளும் நீர் கேட்கும். உப்புக்காற்றும், நீரைப் பிடித்து நிறுத்தாத மணலும், ஆண்டில் பெரும்பகுதி வறண்டு வடகிழக்குப் பருவமழை ஒன்றையே எதிர்பார்த்திருக்கும் வானமும் சேர்ந்த இந்நிலத்தில், புல்வெளி என்பது ஓயாத மானியத்தில் வாழும் ஒரு விருந்தாளி.

இத்தோட்டத்தின் மூலம் எது என்று கேட்டால், குடியரசுத் தலைவர் மாளிகையின் முகலாயத் தோட்டம் என்று விடை வரும். அதன் வரலாற்றைச் சற்றே பார்ப்பது பயனுடையது. எட்வின் லட்யன்ஸ் அதற்கு வடிவம் வகுத்தார். 1928-29இல் அங்கு நடவு தொடங்கியது. நட்டு வளர்த்தவர் தோட்டக்கலை இயக்குநராயிருந்த வில்லியம் மஸ்டோ. நீர்க்கால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதும், அவை கூடுமிடங்களில் தாமரை வடிவ நீரூற்றுகள் அமைந்ததும் முகலாய மரபு. அவற்றின் இடையே விரிந்த புல்வெளியும் பருவந்தோறும் மாற்றி நடப்படும் பூப்பாத்திகளும் ஆங்கில மரபு. முகலாயர் தம் தோட்டங்களில் பெரிதும் நட்டவை நிழலும் கனியும் தருபவை. மாவும் மாதுளையும் நாரத்தையும் அடர்ந்து, அவற்றின் அடியில் மணமலர்கள் பூக்கும். தாஜ்மகாலின் முன்னே இன்று காணும் திறந்த புல்வெளிகூட ஷாஜகான் கண்டதன்று. கர்சன் பிரபு காலத்துச் சீரமைப்பில் உருவானது. ஆக, தில்லியில் உள்ளது முகலாயத் தோட்டத்தின் ஆங்கில நகல். பேக்கரும்பில் உள்ளது அந்நகலின் நகல். 2023 ஜனவரியில் தில்லித் தோட்டத்தின் பெயர் அம்ரித் உத்யான் என மாற்றப்பட்டது. பெயரை மாற்றியவர்கள் அதிலிருந்த ஆங்கிலப் புல்லை மாற்ற எண்ணவில்லை என்பதைச் சிறு குறிப்பாகச் சொல்லி மேற்செல்கிறேன்.

சார்பாகு என்னும் நாற்பகுதித் தோட்டம் அழகுக்காக மட்டும் பிறந்த வடிவமன்று. சுவனத்தைக் குறிக்கும் 'ஜன்னத்' என்ற அரபுச் சொல்லின் வேர் மறைத்தல், மூடுதல் என்னும் பொருளுடையது. மரங்கள் தரையை மூடி மறைக்கும் அளவு அடர்ந்த இடமே ஜன்னத். 'ஃபிர்தவ்ஸ்' என்பது பழைய ஈரானியச் சொல்லொன்றின் வழிவந்தது. சுற்றிச் சுவரெழுப்பிய இடம் என்பது அதன் தொடக்கப் பொருள். ஒன்று நிழலையும் மற்றொன்று காப்பையும் சுட்டுகின்றன. கீழே நதிகள் ஓடும் சோலைகள் என்று திருக்குர்ஆன் மீண்டும் மீண்டும் உருவகிக்கும் சுவனம், வெயிலும் காற்றும் சுட்டெரித்த மண்ணில் வாழ்ந்த மக்களின் செவிக்கு எத்தகைய செய்தியாக இருந்திருக்கும் என்பதை, சித்திரை வெயிலில் இராமேசுவரத்து மணலில் நடந்தவர் எளிதில் உணர்வர். நிழல், காப்பு, ஓடும் நீர் ஆகிய மூன்றும் கூடிய இடமே இம்மரபில் தோட்டம். இவற்றில் புல்வெளி எதையும் தருவதில்லை. பகல் 12 மணிக்கு நினைவகத்தின் முன்புறத்தில் நின்ற குடும்பங்கள் பசும்புல்லைப் பார்த்தன. ஆனால் ஒதுங்கி நின்றது கட்டடத்தின் நிழலில்தான். தோட்டத்தின் வேலையைக் கட்டடம் செய்துகொண்டிருந்தது.

பாபர் இந்தியாவுக்கு வந்தபோது இந்நாட்டில் ஓடும் நீர் இல்லையென்று தம் நினைவுக்குறிப்பில் குறைபட்டதும், பின் யமுனையின் மறுகரையில் கிணறு வெட்டி நீரிறைத்துத் தோட்டம் அமைத்ததும் நாம் அறிந்தவை. தம் வடிவத்தைப் புதுநிலத்துக்குக் கொண்டுவந்தவரும், அந்நிலத்தின் கிணற்றுக்கும் மாட்டுக்கும் ஏற்ப அதை மாற்றத்தான் வேண்டியிருந்தது. காசுமீரத்தின் ஷாலிமாரில் மலைச்சரிவே நீரை இழுத்துச் சென்றது. தில்லியின் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் கிணறுகள் அதைச் செய்தன. 2003இல் அக்கல்லறைத் தோட்டத்தின் நீர்க்கால்களில் மீண்டும் நீர் ஓடச் செய்தபோது, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழிகளையும் உடன் அமைத்தனர். வடிவம் ஒன்றே, நீரின் வழி ஊருக்கு ஊர் வேறு. இராமேசுவரத் தீவின் நீர்வழி என்ன? மணலுக்கடியில், கனத்த உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீரே இத்தீவின் நன்னீர். ஊற்றுத் தோண்டி, மெல்ல ஊறுவதைக் காத்திருந்து மொண்டெடுப்பதே இங்குள்ள வழக்கம். மிகுதியாக இறைத்தால் உப்பு மேலேறும். இதை அறிந்த ஒரு தோட்டம் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியை வடிவமைத்தவர்கள் கேட்டிருக்கலாம்.

இதில் ஒரு முரணும் உண்டு. என் குறை முழுவதும் அதில்தான் நிற்கிறது. 2002 முதல் 2007 வரை கலாம் அவர்கள் குடியரசுத் தலைவராயிருந்தபோது முகலாயத் தோட்டத்தை அப்படியே பேணி வைத்தாரில்லை. அந்த வளாகத்தில் மூலிகைத் தோட்டத்தை உருவாக்கினார். பார்வையற்றோர் தொட்டும் முகர்ந்தும் அறியத்தக்க, பிரெய்ல் பலகைகள் பொருத்திய பரிசத் தோட்டம் ஒன்று அவர் காலத்தில் எழுந்தது. பல சமயத்தார்க்கும் உரிய மரங்களை ஒருசேர நட்ட ஆன்மிகத் தோட்டம், இசைக்கேற்ப நீர் எழும் இசைத் தோட்டம், உயிரி எரிபொருள் பூங்கா ஆகியனவும் சேர்ந்தன. ஓர் அரசமாளிகையின் காட்சித்தோட்டத்தைப் பயனுள்ள தோட்டமாகவும், காணவியலாதவர்க்கும் உரிய தோட்டமாகவும் அவர் விரித்தார். பெற்ற வடிவத்தைத் திருத்தியதே தோட்டக்கலைக்கு அவர் செய்த பங்களிப்பு. அவருக்கு எழுப்பிய தோட்டமோ அவர் திருத்துவதற்கு முன்பிருந்த வடிவத்தைப் பின்பற்றுகிறது. அவரைப் பின்பற்றியிருந்தால் அவ்வடிவத்தை இம்மண்ணுக்கேற்பத் திருத்தியிருக்க வேண்டும்.

'அக்னிச் சிறகுகள்' நூலைப் படித்தவர்க்கு அதன் தொடக்கப் பக்கங்களில் வரும் ஒரு தோட்டம் நினைவிலிருக்கும். அவருடைய தந்தை ஜைனுலாப்தீன் வைகறைத் தொழுகைக்குப் பின் வீட்டிலிருந்து ஏறத்தாழ நான்கு மைல் தொலைவிலிருந்த தமது சிறு தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, ஒரு டஜன் தேங்காய்களைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிய பிறகே காலை உணவு கொள்வார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட, சிறுவன் கலாம் அதைச் சேகரித்துப் பள்ளிவாசல் தெருக் கடையில் விற்று நாளொன்றுக்கு ஓரணா ஈட்டியதும் அந்நூலில் உண்டு. தென்னையும் புளியும் அவர் வாழ்க்கையின் முதல் மரங்கள். தொழுகையையும் உழைப்பையும் உணவையும் ஒரே காலைநடையில் கோத்த அந்தத் தென்னந்தோப்பைவிட ஒரு நினைவுத் தோட்டத்துக்குப் பொருத்தமான மூலம் வேறு எது இருக்க முடியும்? அது தில்லியில் இல்லை. இதே தீவில் இருந்தது.

கடலோரத் தோட்டம் என்ற கருத்தே தமிழுக்குப் புதிதன்று. கடற்கரைச் சோலைக்கென்று 'கானல்' என்னும் தனிச்சொல்லைச் சங்க காலந்தொட்டே வைத்திருப்பது நம் மொழி. சிலப்பதிகாரத்தின் ஒரு காதையே கானலின் பெயரைத் தாங்கியது. நெய்தல் திணையின் பாடல்களில் வரும் மரஞ்செடிகளைப் புலவர் கற்பனையில் நட்டாரில்லை. புன்னை, தாழை, ஞாழல், அடும்பு என அவர்கள் சொன்னவை உப்புக்காற்றைத் தாங்குபவை. அடும்பு மணலின் மேல் படர்ந்து அதை நகரவிடாமல் பிடிக்கும்; அதற்கும் முன்வரிசையில், ஊசிமுனையுடைய இராவணன் மீசை என்னும் புல் நின்று காற்றின் முதல் அடியை வாங்கும். அவற்றுக்குப் பின்னே தாழை வேலியாகும். தாழையின் மறைவில் புன்னை தழைத்து நிழலாகும். கடலிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக உயரும் இவ்வொழுங்கே ஒரு வடிவமைப்பு. சுவரின் வேலையைத் தாழை செய்கிறது. கூரையின் வேலையைப் புன்னை செய்கிறது. ஜன்னத், ஃபிர்தவ்ஸ் என்னும் இரு சொற்களின் பொருளும், நிழலும் காப்புமாக, ஒரு குடம் நீர் ஊற்றாமல் இக்கரையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கின்றன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அங்கே மனிதர் கட்டியவை இன்றும் இடிபாடுகளாகவே நிற்கின்றன. இராவணன் மீசையும் அடும்பும் மணல்மேடுகளில் மீண்டும் ஏறிக்கொண்டன.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். ஒரு நிலத்தை இன்னொரு நிலத்தில் கொண்டுவந்து நிறுத்துவது குற்றமென்றால், உமறுப்புலவர் செய்தது என்ன? சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்து நாட்டுப்படலத்தில் அரபு நாடு மழை பொழிந்து, ஆறு பெருகி, உழவர் நாற்று நடும் மருத நிலமாகவன்றோ காட்சி தருகிறது? அப்படலத்தைப் பிழையென்று எள்ளியோரும் உளர். மரபென்று அமைதி கண்டோரும் உளர். என் கருத்தில் அது பிழையுமன்று, வெறும் மரபுமன்று. புலவர் தொலைவிலிருந்த ஒரு புனித நாட்டைக் கேட்போரின் வயலருகே கொண்டுவந்து வைத்தார். வானமே பார்த்த இக்கரையின் மக்களுக்கு மழையும் ஆறும் வளத்தின் உச்சம். ஆகவே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த நாட்டுக்கு அந்த உச்சத்தை அளித்தார். தொலைவு அருகாயிற்று. பேக்கரும்பில் நிகழ்ந்திருப்பது இதன் தலைகீழ். இதே தீவில் பிறந்து, இதே தீவின் பள்ளிவாசல் தெருவில் வளர்ந்து, இங்கேயே திரும்பிவந்து உறங்கும் ஒருவர், தில்லியின் தோட்டத்தால் தம் ஊரிலிருந்து தொலைவாக்கப்படுகிறார். தவிரவும், செய்யுளில் ஓடும் ஆற்றுக்கு எவரும் நீரிறைக்க வேண்டியதில்லை.

இக்கரையின் முஸ்லிம் கலைஞர்கள் வெளியிலிருந்து வந்ததை உள்ளூர் மரபோடு இணைத்த திறனுக்குக் கீழக்கரை சான்று. வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் 17ஆம் நூற்றாண்டு ஜும்ஆ பள்ளிவாசலின் தூண்களையும் போதிகைகளையும் காண்க. தென்னாட்டுக் கோயில் தச்சரின் கை அது. உருவங்கள் விலக்கப்பட்டுள்ளன, மலரும் கொடியும் நிறைந்துள்ளன. தூணின் தலையில் கவிழ்ந்து தொங்கும் பூமொட்டைத் தச்சர் மரபு விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளிவாசலும் அதை விலக்கவில்லை. நீரும் மண்ணும் வேண்டாத ஒரு தோட்டத்தைக் கல்லில் வைத்தார்கள். நிழலுள்ள அந்த மண்டபத்தில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தபோது, பேக்கரும்பின் வடிவமைப்பாளர்கள் ஜெய்சல்மேருக்குப் போகும் முன் 70 கிலோமீட்டருக்குள் இருக்கும் கீழக்கரைக்கு ஒருமுறை வந்திருக்கலாமே என்று தோன்றியது. ஒருவேளை வந்தும் இருக்கலாம். அதன் தடம் தெரியவில்லை.

அடக்கத் தலத்தில் செடி என்பது நம்மவரிடையே ஒரு தனிப்பொருள் உடையது. இரு கப்றுகளைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பச்சை ஈச்ச மட்டையை இரண்டாகப் பிளந்து அவற்றின்மேல் நட்டதும், அவை உலராதிருக்கும்வரை அடங்கியோரின் துன்பம் இலேசாகக்கூடும் என்று சொன்னதும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவான செய்தி. அதன் பொதுமை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நான் நுழையவில்லை. ஆயினும் இக்கரையின் எளிய மையவாடிகளில் மீசான் கல்லருகே ஒரு பசுங்கொம்பைச் செருகிச் செல்லும் வழக்கம் அச்செய்தியிலிருந்தே வந்தது. அங்கே தோட்டம் என்பது ஒரு கொம்பு. அதை நடுபவர் அடங்கியவரின் மகனோ பேரனோ. அது உலரும், மறுமுறை வருபவர் இன்னொன்றை நடுவார். தேசிய நினைவகம் இந்த எளிமைக்குள் அடங்கவேண்டும் என்று கேட்பது பொருந்தாது. ஆனால் வருகிறவரின் கை மண்ணைத் தொடும் வாய்ப்பு ஒன்று அங்கே இருந்திருக்கலாம். நடிகர் விவேக் கலாம் அவர்களின் ஊக்கத்தால் 'கிரீன் கலாம்' என்னும் பெயரில் ஒரு கோடி மரக்கன்று நட முனைந்து, 2021 ஏப்ரலில் மறையும்போது 33 இலட்சத்தை எட்டியிருந்தார் என்று செய்திகள் வந்தன. கலாமின் பெயரால் எழுந்த மிகப்பெரிய தோட்டம் அதுவே. அது ஊரூராய்ச் சிதறிக் கிடக்கிறது.

இக்கரைக்கு அயலிலிருந்து வந்து வேரூன்றியவையும் இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்கத் தாயகமுடைய பொந்தன்புளி மரங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆங்காங்கே நிற்கின்றன. அரபு வணிகர் கொண்டுவந்தவை என்பது செவிவழி மரபு. கடலுக்கப்பால் மன்னாரிலும் இதே மரம் 'பெருக்கமரம்' என்ற பெயரோடும் இதே கதையோடும் நிற்கிறது. தடித்த அடிமரத்தில் நீரைச் சேமித்துக்கொண்டு, கோடையில் இலையுதிர்த்துக் காத்திருக்கும் அம்மரம் விருந்தாளியாக வந்து ஊராராகிவிட்டது. சீமைக்கருவேலமும் அயலிலிருந்து வந்ததுதான். அது வந்த கதையும் அதன்பின் இம்மாவட்டம் பட்ட பாடும் வேறு. எனவே என் வழக்கு அயற்செடிக்கு எதிரானதன்று. வந்த இடத்தில் அது எப்படி வாழ்கிறது என்பதே கேள்வி.

இவ்வளவும் சொன்னபின், பேக்கரும்புக்கு மிக அருகிலேயே இருக்கும் ஒரு தோட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. எவரும் அதைக் காணவும் வருவதில்லை. தங்கச்சிமடத்தைச் சுற்றிய மணற்பாங்கான தென்னந்தோப்புகளில் மல்லிகைப் பதியன்கள் வளர்க்கப்படுகின்றன. வெட்டிய கொம்புகளை நெருக்கமாக ஊன்றி, தென்னையின் அரைநிழலில், பூவாளியால் அளந்து நீர் தெளித்து வேர்பிடிக்கச் செய்கிறார்கள். களிமண்ணில் அழுகிவிடும் கொம்பு இந்த மணலில் வேர்விடுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்குக் கன்று கொடுப்பது இம்மணல்தான். மதுரையின் பெயரால் மணக்கும் மலர் இராமேசுவரத்தின் பிள்ளை என்று சொன்னால் மதுரைக்காரர் கோபிப்பரோ என்னவோ. அம்மல்லிகையின் தாவரவியற் பெயரில் உள்ள 'சம்பாக்' என்னும் அடைமொழி, 'ஜன்பக்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பதையும் இங்கே நினைக்கலாம். தென்னை நிழல், மணல், அளந்த நீர், அரபியும் தமிழும் கலந்த ஒரு பெயர், பிற ஊர்களுக்குப் போய்ப் பூப்பதற்காக இங்கே வேர்விடும் ஒரு செடி. கலாமின் வாழ்க்கையை அறிந்தவர்க்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

நினைவகத்திலிருந்து திரும்பும் வழியில் அத்தகைய தோப்பு ஒன்றில் சற்று நின்றேன். பெண்கள் சிலர் குந்தியமர்ந்து பதியன்களைப் பிடுங்கி மணலுதறி, நூறு நூறாக எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேர்ப்பகுதியை ஈரச்சாக்கில் சுற்றிய கட்டுகள் வண்டியில் ஏறின. எந்த ஊருக்கு என்று கேட்டேன். "சத்தியமங்கலத்துக்கு, அத்தா" என்றார் மூத்தவர், எண்ணிக்கையை விடாமல்.